முப்பது அடி தள்ளி ஒரு கோழி

கூழைக்குளத்துக்காரர்களிடம் ஒரே ஒரு கோளாறுதான். சொன்ன பேச்சைத் தட்ட மாட்டார்கள். 'கொஞ்சம் பொறு' என்று சொல்லிவிட்டு நீங்கள் வெளியூர் போய்விட்டால், திரும்பி வரும்வரை அதே இடத்தில் நிற்பார்கள். மழை வந்தால் நனைந்துகொண்டு நிற்பார்கள்.

அந்த ஊரைப் பக்கத்துப் பேரூராட்சியோடு சேர்த்தார்கள். சேர்த்த கையோடு சுகாதார அதிகாரி ஒருவர் மொபெட்டில் வந்து வீடு வீடாக எட்டிப் பார்த்தார். வெள்ளத்தாய் வீட்டு அடுப்படி மூலையில், ஓலைப்பெட்டிக்குள் ஒரு கருப்புக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இனிமே இது குடியிருப்புப் பகுதிம்மா. குடியிருக்கிற வீட்டுக்கும் கோழிக்கும் நடுவுல முப்பது அடி இருக்கணும். அடுத்த வாரம் வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா கோழியை முட்டையோட தூக்கிட்டுப் போயிருவேன்."

வெள்ளத்தாய் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். ஏற்கெனவே ரெண்டு தடவை அடை வைத்து, ரெண்டு தடவையும் அத்தனையும் கூமுட்டை. நாத்தனார் மூக்கம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்: "என் தம்பி பொண்டாட்டி கையால வச்சா, முட்டை மேல யானையே உக்காந்தாலும் பொரிக்காது." அதனால் இந்தத் தடவை ஒவ்வொரு முட்டையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பொறுக்கி, மணலைப் பரப்பி, இடி இடித்தால் கெட்டுப்போகாமல் இருக்க இரும்பாணியும் அடுப்புக்கரியும் போட்டு வைத்திருந்தாள். கோழிக்குக் கருப்பி என்று பெயர். இன்னும் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும்.

பாதியில் இடம் மாற்றினால் முட்டை போச்சு. அது கூழைக்குளத்துக்காரர்களுக்கே தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலமே ஊர் கூடியது. சீனிச்சாமியை நடுவில் உட்கார வைத்தார்கள். ஊரிலேயே அவரிடம்தான் அளக்கிற கயிறு இருந்தது. ஆகவே ஊரிலேயே அவர்தான் புத்திசாலி.

"கோழியை நகத்த முடியாது. அப்ப வீட்டைத்தான் நகத்தணும்" என்றார் பக்கத்து வீட்டுக் காத்தமுத்து. "ஆளுக்கொரு தோள் குடுத்தா ஆயிரும்."

"அட, கோழி வீட்டுக்குள்ளதான இருக்கு. வீட்டைத் தள்ளுனா அதுவும் கூடவே வராதா?" என்றார் சீனிச்சாமி.

இப்படி யோசிக்க இன்னொருத்தர் பிறந்துதான் வரணும் என்று எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் கயிற்றைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு மேலே சொன்னார்.

"அதிகாரி வீடுன்னா சொன்னாரு? குடியிருக்கிற வீடுன்னாரு. வெள்ளத்தாயும் சடையாண்டியும் குடியிருக்காம வெளிய வந்துட்டா, அது வெறும் சுவரு. சுவத்துக்குள்ள கோழி இருந்தா யாருக்கு என்ன?"

வெள்ளத்தாயும் புருஷன் சடையாண்டியும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு காத்தமுத்து வீட்டுக்குப் போனார்கள். சீனிச்சாமி கருப்பியிடமிருந்து கயிற்றைப் பிடித்து அளந்தார். கயிறு பாதிகூட நீளவில்லை, காத்தமுத்து வீட்டுச் சுவர் வந்துவிட்டது.

"காத்தமுத்து, நீயும் குடியிருக்கக் கூடாதுப்பா."

காத்தமுத்து உடனே பாயைச் சுருட்டினார். அடுத்த வீட்டையும் கயிறு தொட்டது, எதிர்வீட்டையும் தொட்டது. சரியாக முப்பது அடியில் மூக்கம்மா வீட்டு வாசற்படி வந்தது. படி உள்ளேயா வெளியேயா என்று வாக்குவாதம் ஆகி, எதற்கு வம்பு என்று அவளையும் கிளப்பினார்கள். தெரு முழுக்க ஆடு, அம்மி, அழுகிற பிள்ளைகளோடு நெல்லடிக்கும் களத்தில் போய் இறங்கியது. சாணி மெழுகி அடுப்பு மூட்டினார்கள்.

"ஒரு கோழிக்கு ஒரு தெரு. கொடுத்து வச்சவ" என்று மூக்கம்மா பெருமூச்சு விட்டாள்.

இனி கவலையில்லை என்று நினைத்தபோது வெள்ளத்தாய்க்குக் கீரியின் ஞாபகம் வந்தது. ஆளில்லாத வீட்டில் அடைக்கோழியைக் கீரி விட்டு வைக்குமா? யாராவது காவல் இருந்தாக வேண்டும்.

"காவல் இருந்தா குடியிருந்த மாதிரி ஆயிராதா?" என்று காத்தமுத்து கேட்டார்.

சீனிச்சாமி கண்ணை மூடி யோசித்தார். "குடியிருக்கிறதுன்னா என்ன? தின்னுறது, தூங்குறது. இந்த ரெண்டையும் பண்ணாம சடையாண்டி அங்க உக்காந்திருந்தா அது குடியிருப்பு இல்ல."

"கொட்டாவி விடலாமா அண்ணாச்சி?" சடையாண்டிக்கு அப்போதே வந்துகொண்டிருந்தது.

"கொட்டாவி தூக்கத்துக்கு வாசப்படி மாதிரி. வாசல்ல நிக்கலாம். உள்ள போகக் கூடாது."

சடையாண்டி போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் வேர்த்துக் களத்துக்கு ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, கருப்பி தின்னுது. தின்னுட்டுக் கண்ணை மூடித் தூங்கவும் செய்யுது."

அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள்.

"அப்ப கருப்பி குடியிருக்கா" என்றார் சீனிச்சாமி மெதுவாக. "அவ குடியிருந்தா அது குடியிருக்கிற வீடு. குடியிருக்கிற வீட்டுக்கும் கோழிக்கும் முப்பது அடி வேணும். அதாவது, கருப்பி கருப்பிகிட்ட இருந்து முப்பது அடி தள்ளி இருக்கணும்."

வெள்ளத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "அவ எப்படிண்ணே அவளை விட்டுத் தள்ளி இருப்பா? ஒத்தைக் கோழிதானே."

ஒரே வழிதான் இருந்தது. கருப்பியை அங்கே தின்னவும் விடக்கூடாது, தூங்கவும் விடக்கூடாது. தீனி சுலபம். அடைக்கோழி எப்படியும் தினம் ஒரு தடவை இறங்கும், அப்போது கம்புத் தானியத்தைக் களத்தில் போட்டால் தின்றுவிட்டுப் போகும். தூக்கத்துக்குத்தான் சடையாண்டி.

அவர் பெட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கருப்பியிடம் பேச ஆரம்பித்தார். வரப்புத் தகராறைச் சொன்னார். கல்யாணத்தில் தனக்கு அப்பளம் வைக்காமல் போன கதையைச் சொன்னார். கருப்பி கண்ணை மூடினால், "என்ன கருப்பி, நான் சொல்றது நியாயமா இல்லையா?" என்று முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டார். அது திடுக்கிட்டு முழிக்கும். கருப்பி களத்துக்குத் தீனிக்கு இறங்கும்போது அவரும் கூடவே ஓடி, சோறு, தூக்கம் ரெண்டையும் முடித்துக்கொண்டு வருவார். சோற்றில் கையை வைத்தபடியே தூங்கிய நாளும் உண்டு.

வாரம் முழுக்க இதே பாடு. கருப்பி ஒரு 'கொக்' சொல்லக்கூட அவர் இடம் கொடுக்கவில்லை.

அதிகாரி வருகிற நாள் காலையில் முட்டைகள் விரிசல் விட்டன. ஒரு முட்டைகூடக் கூமுட்டை இல்லை. வெள்ளத்தாய் களத்திலிருந்து ஓடிவந்து பார்த்துவிட்டு, முதல் வேலையாக நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"பாத்துக்கோங்க மதினி, யானை ஒண்ணும் தேவைப்படல."

மூக்கம்மா குனிந்து பார்த்தாள். "பொரிச்சது சரி. ஆனா இதுக போற போக்கு சரியில்லையே."

குஞ்சுகள் கருப்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முட்டைக்குள் இருந்தபோது ஓயாமல் கேட்ட குரல் சடையாண்டி குரல்தானே. அவர் எழுந்தால் அவர் பின்னால் ஓடின. உட்கார்ந்தால் வேட்டிக்குள் புகுந்தன. அவர் தும்மியபோது எல்லாம் பயந்து அக்குளில் ஒளிந்துகொண்டன. கருப்பி பெட்டியில் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியது.

தெரு முனையில் மொபெட் சத்தம் கேட்டது.

"சீக்கிரம் சொல்லுங்க அண்ணாச்சி. இப்ப இதுல கோழி யாரு?" என்றார் காத்தமுத்து.

"குஞ்சு யாரு பின்னால போகும்?"

"தாய்க்கோழி பின்னால."

"இப்ப யாரு பின்னால போகுது?"

எல்லாரும் சடையாண்டியைப் பார்த்தார்கள். சடையாண்டியும் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு தாமதிக்கவில்லை. கருப்பி படுத்திருந்த மூலையிலிருந்து கயிற்றைப் பிடித்துக் கொல்லையில் முப்பது அடி அளந்து, கோழி மூடும் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்தார்கள். சடையாண்டிக்குத் தலை மட்டும்தான் நுழைந்தது. ஆகவே நாலு கழியை நட்டு, ஓலையைச் சுற்றி, பெரிய கூண்டாகக் கட்டி உள்ளே உட்கார வைத்துக் குஞ்சுகளையும் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். குடிக்கத் தண்ணீர், அகலமான சட்டியில். தெருவே அவரவர் வீட்டுக்குத் திரும்பியது. கூண்டு தங்கள் வீடுகளுக்கும் தள்ளி இருக்கும்படிதான் கயிறு பிடித்திருந்தார்கள்.

அதிகாரி வந்தார். அடுப்படியை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, கோழி இங்கேயேதான் கிடக்கு?"

"அது கோழி இல்லங்க" என்றார் சீனிச்சாமி. "குஞ்சு எதுவும் அதைச் சேக்கல. அது சும்மா, காக்கா குருவி மாதிரி வந்து போறது. கோழி கொல்லையில இருக்கு. வாங்க, காட்டுறேன்."

அதிகாரி கூண்டுக்குள் குனிந்து பார்த்தார். உள்ளே சடையாண்டி ரெண்டு கையையும் இறக்கை மாதிரி விரித்து, குஞ்சுகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரி வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தபோது, அவருக்கு இன்னும் பார்க்க வேண்டிய ஊர்கள் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"முப்பது அடி இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

சீனிச்சாமி கயிற்றைப் போட்டுக் காட்டினார். ஓர் அங்குலம் கூடவே இருந்தது.

"சரி" என்று சொல்லிவிட்டு அதிகாரி மொபெட்டை நோக்கி வேகமாக நடந்தார்.

"சார், ஒரு நிமிஷம்" என்று கூண்டுக்குள்ளிருந்து சடையாண்டி கூப்பிட்டார். "விடிகாலையில நான் கூவணுமா? அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

வெள்ளத்தாய்க்கு மானம் போய்விட்டது. குஞ்சுகளுக்குக் கம்பு போட வந்த கையாலேயே கூண்டை ஒரு தட்டுத் தட்டினாள்.

"பேசாம இருங்க. குஞ்சு பொரிச்ச பெட்டை எங்கயாவது கூவுமா?"