சடையனின் பழங்கயிறு

கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேளுங்கள், ஐயா. ராஜாக்கள் யானையேறி ஊர்வலம் வந்த காலத்திலே துகிலூர் என்றொரு ஊர். அங்கே அம்பலவாணன் என்றொரு துணி வியாபாரி. துணியைத் தொட்ட மாத்திரத்தில் புதுசா பழசா என்று சொல்லிவிடுவான். அந்தக் கெட்டிக்காரத்தனந்தான் அவனைக் கவிழ்த்தது.

அவன் கொல்லையில் ஒரு இலுப்பை மரம். அதன் பெருங்கிளை பட்டுப்போய், மாட்டுக்கொட்டிலுக்கு மேலே சாய்ந்திருந்தது. கொட்டிலில் செவலை என்ற நிறைசினைப் பசு. தாயில்லாத அவன் மகள் வேலம்மை அந்தப் பசுவின் பாலைக் குடித்துத்தான் பிழைத்தவள்.

கிளையை வெட்ட ஆள் வேண்டுமென்று சொல்லியனுப்பினான். மூன்று பேர் வந்தார்கள்.

முதலில் சடையன். மரத்தை மூன்று சுற்றுச் சுற்றினான். கோடாரியின் பின்புறத்தால் மூன்று தட்டுத் தட்டினான். "உள்ளே செல்லரிச்சிருக்கு, ஐயா. கயிறு கட்டித் துண்டு துண்டா இறக்கணும். மூணு நாள் ஆகும். பசுவை வேற இடத்துல கட்டுங்க" என்றான். வியாபாரி அவன் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். கைபட்டுக் கறுத்த கயிறு. "பழசு!" என்று ஒதுக்கினான்.

அடுத்தவன் ஒச்சன். அவனும் சுற்றினான், தட்டினான், அதையே சொன்னான். அவன் கயிறு முடிச்சுப் போட்டுப் போட்டு நெளிந்திருந்தது. "இதுவும் பழசு!"

மூன்றாவது மாரப்பன். மரத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. "உச்சிப் பொழுதுக்குள்ள முடிச்சுடுவேன். பசுவை அவிழ்க்கிற சிரமங்கூட வேண்டாம்" என்றான். தோளில் பளபளவென்று புதுக்கயிறு, ஒரு முடிச்சுத் தடமும் இல்லை. "இவனல்லவோ வேலைக்காரன்!" என்று வியாபாரி பூரித்துப்போனான்.

அட மூடனே! துணி புதுசாக இருந்தால் நல்லது. மரம் வெட்டுகிறவன் கயிறு புதுசாக இருந்தால், அவன் அதைக் கட்டியதே இல்லை என்றல்லவா அர்த்தம்!

"செவலையை அவிழ்த்துக் கட்டட்டுமா, அப்பா?" என்று வேலம்மை மூன்று தரம் கேட்டாள். "சும்மா இரு" என்று மூன்று தரமும் அதட்டினான்.

மாரப்பன் ஏறினான், வெட்டினான். கிளை முறிந்து கொட்டிலோடு விழுந்தது. இறங்கி ஓடியவன் திரும்பியே பார்க்கவில்லை. புதுக்கயிறு சுருள் கலையாமல் மரத்தடியில் கிடந்தது.

சத்தம் கேட்டுச் சடையனும் ஒச்சனும் ஓடிவந்தார்கள். சடையனின் பழங்கயிற்றைக் கட்டித்தான் கிளையைத் தூக்கினார்கள். செவலை போய்விட்டது, வயிற்றுக் கன்றோடு.

அம்பலவாணன் மண்ணில் விழுந்து அழுதான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! வேலம்மை அந்தக் கறுத்த கயிற்றைத் தடவிப் பார்த்து, "இது அறுந்தே போகலையே, அப்பா" என்றாள். அதற்குப் பிறகு துணியைத் தொடும்போதெல்லாம் அந்தச் சொல்தான் அவன் காதில் கேட்டது. கேட்டு என்ன செய்ய?

ஆகையால், ஒருவனிடம் வேலையை ஒப்படைக்குமுன் அவன் பளபளப்பைப் பார்க்காதீர்கள், வேலை செய்த தடத்தைப் பாருங்கள்.