பழுதான ஃபைலும் தொலைந்துபோன மாப்பிள்ளையும்

ஊசிப்பாளையத்தில் புத்திசாலியே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒருவர் இருந்தார். கல்யாணம் முடிந்த கையோடு வெளியூர் போய்விட்டார். அந்தக் கல்யாணத்தை முடித்துவைத்தது கடைவீதியில் இருக்கும் திருமணத் தகவல் நிலையம். அங்கே வேலை பார்ப்பவர்கள் மூன்று பேர்: மேனேஜர் ஏகாம்பரம், டைப் அடிக்கும் பவுனாம்பாள், குமாஸ்தா சங்கிலிமுத்து.

சங்கிலிமுத்து ஊரில் பாதிப் பேருக்கு ஜாதகம் பார்த்துக் கொடுத்தவர். அவருக்கு மட்டும் ஒன்றும் அமையவில்லை. நாற்பதை நெருங்கும்போதுதான் தாராபுரம் பக்கத்துப் பெண் செண்பகவல்லி, போட்டோவைப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னாள். ஆடி முடிவதற்குள் மாப்பிள்ளை பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்றார் பெண்ணின் அண்ணன். அவர்கள் விலாசமும் போன் நம்பரும் நிலையத்துக் கம்ப்யூட்டரில் இருந்தன. வேறெங்கும் இல்லை. கம்ப்யூட்டர் வந்த அன்றே ஏகாம்பரம் பழைய காகிதங்களையெல்லாம் வெந்நீர் அடுப்புக்குக் கொடுத்துவிட்டார்.

கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தவர் கோயமுத்தூர் இன்ஜினியர் ஹேமலதா. "உங்களுக்குப் பெரிய சர்வரெல்லாம் வேண்டாங்க. பேரு, நட்சத்திரம், விலாசம் எல்லாமே இந்த ஒரே ஃபைல்ல இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மூவரும் அந்த ஃபைலை மரியாதையாகவே நடத்தினார்கள். வெள்ளிக்கிழமை தோறும் மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள்.

ஆடிக் காற்றடித்த ஒருநாள், பவுனாம்பாள் ஒரு பெயரைப் பதிந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்த பிறகு பார்த்தால், பெரிய ஃபைலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபைல் இருந்தது.

"இதை யாரு வச்சது?" என்றார் ஏகாம்பரம்.

"நான் வைக்கலீங்க. எழுதறப்ப வரும், எழுதி முடிச்சாத் தானாப் போயிரும். இன்னிக்கு என்னமோ போகல" என்றார் பவுனாம்பாள்.

"அந்தம்மா என்ன சொன்னாங்க? எல்லாமே ஒரே ஃபைல்ல இருக்கும்னாங்க. ஒண்ணுன்னா ஒண்ணுதான் இருக்கோணும்."

சங்கிலிமுத்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். இரண்டு வந்தது. தப்புதான் என்று அவருக்கும் பட்டது. தன் கையாலேயே அந்தச் சின்ன ஃபைலை அழித்தார். அதற்கப்புறம் பெரிய ஃபைல் திறக்கவே மாட்டேன் என்றது.

ஹேமலதாவுக்குப் போன் போட்டார்கள். "எழுதறப்ப கரண்ட் போனா, பாதி எழுதினதைத் திருப்பிச் சரி பண்றதுக்குத்தாங்க அந்தச் சின்ன ஃபைலு. அதைப் போய் அழிச்சிட்டீங்களே. சரி, நாளைக்கு நானே வர்றேன். அதுவரைக்கும் அதுல யாரும் கை வைக்காதீங்க."

மூவரும் கைகளைக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கீபோர்டில் ஒரு பல்லி ஏறியது. கை வைக்கக் கூடாதே என்று ஏகாம்பரம் வாயால் ஊதினார். பல்லி அசையவில்லை. முறை போட்டு ஊதினார்கள். சங்கிலிமுத்து மட்டும் ஊதுவதா பெருமூச்சு விடுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே செய்தார். பாவம், ஆடி முடியப் போகிற நேரம்.

மறுநாள் ஹேமலதா வந்தார். பழுதான ஃபைலுக்கு முதலில் ஒரு நகல் எடுத்தார். அந்த நகலில் படிக்க முடிந்ததையெல்லாம் எடுத்துப் புது ஃபைலில் சேர்த்து, அது நன்றாக இருக்கிறதா என்று சோதித்தும் பார்த்தார்.

"பெரும்பாலும் தேறிடுச்சுங்க. சில பேரு மட்டும் மாப்பிள்ளை வரிசையா, பொண்ணு வரிசையான்னு தெரியல. அவங்களைக் 'காணாமல் போய்க் கிடைத்தவர்கள்'னு தனியாப் போட்டிருக்கேன். ஒவ்வொருத்தரா அவங்கவங்க இடத்துல சேத்திருங்க. இனிமே ஒருத்தர் எழுதறப்ப இன்னொருத்தர் எழுத வேண்டாம். எழுதறப்ப கரண்ட் போகாமப் பாத்துக்கங்க. தினமும் ஒரு நகல் எடுத்து வேற இடத்துல வையுங்க."

இதற்கு மேல் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. மூவரும் அப்படியே செய்தார்கள். பவுனாம்பாள் டைப் அடிக்கும்போதெல்லாம் ஏகாம்பரம் குடையோடு போய் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தபடி நின்றார். இன்னொருவர் எழுதிவிடக் கூடாது என்று சங்கிலிமுத்து தன் பேனாவை டீக்கடையில் கொடுத்துவைத்தார். நகல் எடுத்த பென் டிரைவைத் தினமும் வேறு வேறு இடத்தில் வைத்தார்கள். ஒருநாள் அரிசி டப்பா, ஒருநாள் சைக்கிள் சீட்டுக்கு அடியில். மூன்றாம் நாள் மாரியம்மன் கோயில் உண்டியலில் போட்டதால், அடுத்த இடத்துக்கு மாற்ற உண்டியல் திறக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள்.

பாக்கி இருந்தது காணாமல் போனவர்கள்தான்.

"இத்தனை பேரு காணாமப் போயிருக்காங்க, ஒரு வீட்லகூட அழுகைச் சத்தம் கேக்கலையே" என்று ஏகாம்பரம் வருத்தப்பட்டார். உடனே ஒரு வேனைப் பிடித்தார்கள். முதலில் அகப்பட்டவர் தையல்காரர் மருதாசலம். தன் கடையில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

"நான் எங்கயும் போகலீங்களே" என்றார்.

"காணாமப் போனவங்களுக்கு அது தெரியாதுங்க" என்று பவுனாம்பாள் பரிவாகச் சொல்லி அவரை வேனில் ஏற்றினார். வீட்டில் அவருடைய அம்மாவிடம், "உங்க பையன்தானான்னு நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் இறக்கிவிட்டார்கள்.

எல்லாரையும் சேர்த்து முடித்தபோது கடைசியில் இரண்டு பெயர்கள் நின்றன. ஒன்று செண்பகவல்லி. விலாசம், போன் நம்பர் எல்லாம் பத்திரமாக இருந்தன. இன்னொன்று சங்கிலிமுத்து.

"பவுனக்கா, நான் காணாமப் போயிருக்கேனுங்க" என்றார் சங்கிலிமுத்து.

"எப்பருந்து?"

"தெரியலீங்க. காலைல டீ குடிச்சப்பகூட இருந்தேன்."

அவர் போனை எடுக்கப் போனார். ஏகாம்பரம் தடுத்தார். "காணாமப் போன ஆளு பொண்ணு வீட்டுக்குப் போன் பண்ணினா யாரு மதிப்பாங்க? மொதல்ல உங்களை வீட்ல சேக்கறோம்." சேர்த்தார்கள். இந்தச் சந்தடியில் ஆடி முடிந்துவிட்டது.

மறுநாள் நிலையத்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது. செண்பகவல்லியும் அவள் அண்ணனும் இறங்கினார்கள். "சம்மதமா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்னங்க?" என்று அண்ணன் கோபமாகக் கேட்டார்.

சங்கிலிமுத்து எழுந்து நின்றார். "சம்மதந்தானுங்க. சொல்றதுக்குள்ள நான் காணாமப் போயிட்டேன். உங்க தங்கச்சியுந்தான்." மானிட்டரைத் திருப்பிக் காட்டினார்.

செண்பகவல்லி படித்தாள். முகம் மாறிவிட்டது.

"ஏண்ணா, நான் காணாமப் போனது உனக்குத் தெரியுமா?"

"தெரியாதே கண்ணு."

"யாரும் தேடவே இல்லியா?"

"நீ வீட்லதானே இருந்தே."

"வீட்ல இருந்தாத் தேட மாட்டீங்களா?" என்று அவள் அழுதாள். "என்னையக் கண்டுபிடிச்சவரு வீட்லதான் இனி நான் இருப்பேன்."

ஆவணியில் முதல் முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது. மருதாசலம்தான் மாப்பிள்ளைச் சட்டை தைத்தார்.

கல்யாணம் ஆனவர்களின் பெயரை ஃபைலிலிருந்து எடுத்துவிடுவது நிலையத்தின் வழக்கம். பவுனாம்பாள் அதற்கு உட்கார்ந்தபோது சங்கிலிமுத்து பதறிப்போய் ஓடிவந்தார்.

"வேண்டாங்கக்கா. எடுத்தீங்கன்னா நாங்க ரெண்டு பேரும் மறுபடியும் காணாமப் போயிருவோம்."

நியாயம்தான் என்று விட்டுவிட்டார்கள். ஆகவே அவர்கள் பெயர் இன்னும் இருக்கிறது, வரனும் வந்துகொண்டிருக்கிறது. செண்பகவல்லிக்கு வரும் ஜாதகங்களைச் சங்கிலிமுத்துவே பொருத்தம் பார்த்து, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய் அவளிடம் கொடுக்கிறார். வேலை என்றால் வேலைதானே. போன வாரம் வந்த பல்லடத்து மாப்பிள்ளைக்குப் பத்துப் பொருத்தமும் இருக்கிறது. சங்கிலிமுத்துவுக்கு ஏழுதான். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. செண்பகவல்லி, யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.