தன்னாட்சியும் தைலம்மை எருமையும்

புளியந்தாங்கலில் கொளஞ்சி, சடையப்பன், காத்தமுத்து என்று மூணு பேர் இருந்தார்கள். மூணு பேருமே மூளையைச் செலவு பண்ணாமல் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

ஒருநாள் தமுக்கு அடிக்கிறவன் வந்தான். "இன்னையிலேருந்து இந்த ஊருக்குத் தன்னாட்சி! ராசா உத்தரவுக்குக் காத்திருக்க வேணாம். உங்கள நீங்களே ஆண்டுக்கங்க!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அந்த நேரம் பார்த்துத் தைலம்மையின் சினை எருமை குட்டைச் சேற்றில் மாட்டிக்கொண்டது. அவளுக்கு இருந்த சொத்தே அந்த எருமைதான். கழுத்துவரை சேறு.

"டேய் தம்பிங்களா, ஓடியாங்கடா! கயித்தப் போட்டு இழுங்கடா!"

மூணு பேரும் கயிற்றோடு வந்து கரையில் நின்றார்கள்.

"இழுன்னு நீ எப்பிடிக்கா சொல்லலாம்?" என்றான் கொளஞ்சி. "என்னை ஆள்றது நானு. நான் சொன்னாத்தான் நான் இழுப்பேன்."

"அப்பச் சொல்லித் தொலையேண்டா!"

"வாயால கேட்டா ஆச்சா? மனு வேணுமில்ல?"

தனக்குத்தானே ஒரு மனு எழுதினான். வலது கையால் நீட்டி இடது கையால் வாங்கினான். படித்துப் பார்த்து, "நாளைக்கு வா" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, முகம் வாடி உட்கார்ந்துவிட்டான்.

சடையப்பன் மனுவோடு வெற்றிலை பாக்கும் வைத்தான். அவனுக்குள் இருந்த ராசாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கே லஞ்சமா?" என்று தன் கன்னத்தில் ஒன்று விட்டான். வாங்கினவன் சும்மா இருப்பானா? திருப்பி ஒன்று விட்டான். ராசாவை அடித்த குற்றத்துக்காகத் தன்னை வேப்பமரத்தில் கட்டிப்போட்டுக்கொண்டான். இருந்த ஒரே கயிறும் அதற்கே சரியாகிவிட்டது.

"ஏண்டா காத்தமுத்து, நீயாவது இறங்கேண்டா!"

"என் ராசா தூங்கறார்க்கா. எழுப்பினா கோச்சுக்குவார்" என்று காத்தமுத்து கண்ணை மூடிக்கொண்டான்.

தைலம்மை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எருமை மூணு பேரையும் ஒரு பார்வை பார்த்தது. முக்கியது, முனகியது, தானே கரையேறி உடம்பை ஓர் உதறு உதறியது.

முகத்துச் சேற்றை வழித்தபடி காத்தமுத்து சொன்னான்: "மனு இல்ல, உத்தரவு இல்ல, தானா ஏறி வந்துருச்சு பாருங்கடா. தன்னாட்சின்னா என்னன்னு ஊர்லயே இதுக்குத்தான் தெரிஞ்சிருக்கு!"

"அப்ப இதுவே நம்மள ஆளட்டும்" என்றான் சடையப்பன், மரத்தில் இருந்தபடியே.

அவனை அவிழ்த்துவிட்டு மூணு பேரும் சேர்ந்து மனு எழுதினார்கள்: 'எங்களை நாங்களே ஆண்டுகொள்ள மகாராணி உத்தரவு தரவேண்டியது.'

எருமை மோந்து பார்த்தது. மென்று விழுங்கியது.

கொளஞ்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "நானே என்னை நாளைக்கு வான்னேன். மகாராணி உடனே எடுத்துக்கிட்டாங்களே!"

பதில் வாங்குவதற்காக மூணு பேரும் எருமைக்குப் பின்பக்கம் போய், வரிசையாக, கையேந்தி நின்றார்கள்.