கையாளத் தெரிந்தவர்

"நீங்க சொன்னது பச்சைப் பொய், வைத்தியரம்மா," என்றார் வில்பிரட்.

"எது?" என்று கேட்டார் ஞானபாய், எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே.

"அந்த ஆளோட தம்பி பலாமரத்தை வெட்டுறான்னு சொன்னீங்களே."

"வெட்டலையா?"

"உங்களுக்கு அப்படி ஒரு சேதி வரவே இல்லையே!"

"வரலைதான்."

விஷயம் இதுதான். மார்த்தாண்டத்துப் பக்கம் யாருக்காவது மூட்டு பிசகினால் ஞானபாயிடம்தான் வருவார்கள். அன்று காலை, ரப்பர் தோட்டத்தில் வழுக்கி விழுந்த ஒருவரைக் கொண்டு வந்திருந்தார்கள். வலது தோள் இறங்கிக் கிடந்தது. விரல் நுனி பட்டாலே, "தொட்டா செத்துருவேன்" என்று அலறினார். அலறாத நேரத்தில், தம்பியோடு இருக்கும் வேலித் தகராறைப் பற்றிப் புலம்பினார்.

ஞானபாய் அவர் மணிக்கட்டைப் பூப்போலப் பிடித்துக்கொண்டார். "வேலியோரப் பலாவுல உங்க தம்பி கோடாலி வச்சுட்டாராமே?"

"யாரு? அவனா? என் மரத்துலயா?"

கடக்.

தோள் ஏறிவிட்டது. ஏறிய கையை ஓங்கிக்கொண்டே அந்த மனிதர் தம்பி வீட்டுத் திசையில் ஓடினார்.

"அவர் போய்த் தம்பியை அடிச்சுட்டா?" என்றார் வில்பிரட்.

"அடிச்சா இங்கதானே கொண்டு வருவாங்க."

ஞானபாய்க்கு நாற்பது வயது. அவரிடம் நான்கு மாதமாகச் சீடராக இருக்கும் வில்பிரட்டுக்கு அறுபத்தொன்று.

வந்த முதல் நாளே வில்பிரட் தன் பெருமையைச் சொல்லியிருந்தார்.

"ஓசூர்ல ஒரு டயர் தொழிற்சாலை. இருபத்தொன்பது வருஷம் ஆட்களைக் கையாண்டவன் நான்."

"கையாலேயா?"

"இல்ல, பேச்சால."

"அப்போ அது வாயாள்றதுல்லா?" என்று சொல்லிவிட்டு, ஞானபாய் அவரிடம் உலக்கையைக் கொடுத்து மூலிகை இடிக்கச் சொன்னார்.

நான்கு மாதமாக அவர் இடித்துக்கொண்டிருந்தார். வருகிறவர்களின் கைகால்களை மரப்பொம்மை போலப் பிடித்துக்கொடுத்தார். ஞானபாயின் விரல் எங்கே போகிறது என்று பார்த்தார். பிசகிய மூட்டு ஒன்றைக்கூட அவராகச் சேர்த்ததில்லை.

இன்று பொறுக்க முடியவில்லை.

"இந்தச் சூழ்ச்சியெல்லாம் வேண்டாம்னுதான் எல்லாத்தையும் விட்டுட்டு இங்க வந்தேன். இங்கயும் அதேதானா?"

"அங்க என்ன சூழ்ச்சி செஞ்சீங்க?"

வில்பிரட் உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு சொன்னார்.

அவருக்கு ஒரே மகள், பெனிலா. மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. அவ்வளவு தூரம் அனுப்ப இவருக்கு மனசில்லை. நான்காம் தேதி வந்து சேரச் சொல்லிக் கடிதம் வந்தது.

"நாலுக்கு முன்னால ஒரு கோடு போட்டேன்."

"என்ன கோடு?"

"ஒண்ணு. நாலு, பதினாலு ஆயிடுச்சு."

பெனிலா பதினான்காம் தேதி போய் நின்றாள். அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தவள் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மையின் நிறம் வேறாக இருந்தது. அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு குழித்துறையில் சித்தி வீட்டுக்குப் போனவள், அப்பாவோடு இன்றுவரை பேசவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கம்பெனிக்காரன் தப்புன்னு சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் யாரு கேட்டாலும் அதையேதான் சொல்லிட்டிருக்கேன்."

ஞானபாய் எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தார்.

"நான் சொன்ன பொய்யும் நீங்க சொன்ன பொய்யும் ஒண்ணா, வைத்தியரம்மா?"

"அடுத்து வர்ற ஆளை நீங்க பாருங்க," என்றார் ஞானபாய்.

அடுத்து வந்தவர் கல்யாணச் சமையல்காரர். கட்டைவிரல் பிசகி வீங்கியிருந்தது. வில்பிரட் அவர் எதிரே உட்கார்ந்து ஆரம்பித்தார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். அவர் அவியலைப் பற்றி ஊரே பேசுவதாக ஒரு போடு போட்டார். சமையல்காரர் சிரித்தார். பிறகு செத்துப்போன அம்மாவை நினைத்து அழுதார். மறுபடியும் சிரித்தார். கால் மணி நேரம் கழித்து எழுந்து கும்பிட்டார்.

"சார், உங்ககிட்டப் பேசினதுல வலி இருந்த இடமே தெரியலை."

போய்விட்டார்.

ஞானபாய் எட்டிப் பார்த்தார். "விரல்?"

வில்பிரட் தலையில் அடித்துக்கொண்டார். பஸ் நிறுத்தத்திலிருந்து, "ஐயோ, அம்மா!" என்று ஒரு சத்தம் கேட்டது. ஞானபாய் ஓடிப்போய், பஸ் வருவதற்குள் விரலைச் சேர்த்துவிட்டு வந்தார்.

அவர் உட்காரக்கூட இல்லை, வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள். ஸ்கூட்டர் சறுக்கியிருக்கிறது. முழங்கையில் சிராய்ப்பு; தோள் இறங்கியிருந்தது. உள்ளே வந்தவள் வில்பிரட்டைப் பார்த்ததும் அப்படியே திரும்பினாள்.

பெனிலா.

"இந்தத் தோளோட எங்க போவ? உக்காரு மக்களே," என்றார் ஞானபாய். அவளை முக்காலியில் உட்கார வைத்தார். எலும்பு முறியவில்லை என்று தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு தன் வலது மணிக்கட்டில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டார்.

"எனக்குக் கை சுளுக்கிட்டு. காலையில தேங்கா உடைக்கையில. சாரே, நீங்க பாருங்க."

இதுவும் பச்சைப் பொய். அந்தக் கை இப்போதுதான் சமையல்காரரின் விரலைச் சேர்த்துவிட்டு வந்தது.

"இவரா? வேண்டாம்," என்றாள் பெனிலா.

"அப்போ வலிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, சுவரில் இருந்த காலண்டரைப் படிக்கத் தொடங்கினார் ஞானபாய்.

பெனிலா பல்லைக் கடித்தாள். ஒரு நிமிடம் தாங்கினாள். அப்புறம் கையை நீட்டினாள்.

"ஒரு வார்த்தை பேசக் கூடாது. உங்க பேச்செல்லாம் எனக்குத் தெரியும்."

வில்பிரட் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். மூன்று வருடத்தில் முதல் முறையாகப் பிடிக்கிறார். வாய்க்குள் இருபத்தொன்பது வருடத்து வார்த்தைகள் முண்டியடித்தன. அம்மாவுக்கு உடம்பு முடியலை என்ற பொய் முதலில் வந்தது. விழுங்கினார்.

அவள் கை விறைத்துக் கட்டையாக இருந்தது. எவ்வளவு மெதுவாகத் தூக்கினாலும் அவள் உடம்பு விடவில்லை. அவர் நெற்றியில் வியர்த்தது.

"என்ன பண்றீங்க?"

"தெரியலைம்மா," என்றார்.

"என்னது?"

"இதுவரைக்கும் ஒருத்தருக்கும் நான் சேத்ததில்ல. நீதான் முதல். ரொம்ப வலிக்கும்."

பெனிலா அவரைப் பார்த்தாள்.

"அந்தத் தேதியை மாத்தினதும் நான்தான்," என்றார் வில்பிரட். "கம்பெனிக்காரன் இல்ல."

பெனிலாவின் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது.

கடக்.

பெனிலா தோளை மெல்ல அசைத்துப் பார்த்தாள்.

"வலிக்கலையே," என்றாள். "வலிக்கும்னு சொன்னது பொய்யா?"

"வலிக்கும்னுதான் நினைச்சேன்."

"தேதி?"

"அது நிஜம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வலியில்லாத கைக்கு எதற்குக் கண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை. வில்பிரட் எண்ணெய்த் துணி சுற்றிக் கையைக் கழுத்தோடு தொட்டில்போலத் தூக்கிக் கட்டிவிட்டார். அவள் அவர் பக்கம் திரும்பாமல் ஞானபாயைக் கேட்டாள்.

"அக்கா, கட்டு மாத்த எப்போ வரணும்?"

"தினமும் வரணும்," என்றார் ஞானபாய். "காலையிலயும் சாயந்திரமும்."

வில்பிரட் தொண்டையைச் செருமினார். "மூணு நாள் கழிச்சு வந்தாப் போதும்."

ஞானபாய் அவரை முறைத்தார்.

பெனிலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேர்ல யாரு பொய் சொல்றது?"

"நான்தான்," என்றார் ஞானபாய்.

பெனிலா வெளியே போய் ஆட்டோவில் ஏறினாள். வில்பிரட் உலக்கையை எடுத்துக்கொண்டார். ஆட்டோ கிளம்பியது. பத்தடி போய் நின்றது.

"நாளைக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, "எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"