பச்சைப் பெட்டியில் பச்சை எழுத்து

ஆற்றைத் தாண்டினால்தான் புல்வெளி என்றிருந்த ஒரு காட்டில், குழந்தைகளே, விலங்குகள் தங்களுக்கென்று ஓர் இணையதளம் வைத்திருந்தன. அதில் மயில் தன் தோகைப் படங்களைப் போடும். கீரி, ஆற்றில் முதலை இருக்கிறதா என்று பார்த்து அறிவிப்புப் போடும். எது பழுதானாலும் சரிசெய்வது மட்டும் உடும்பின் தலையில் விழுந்த வேலை.

ஒருநாள் காலை கீரி ஓடி வந்தது. அறிவிப்புப் பெட்டி பச்சையாக இருக்கிறதாம், எழுதியது ஒன்றும் தெரியவில்லையாம்.

உடும்பு நிரலைத் திறந்து பார்த்தது. "பெட்டிக்குள் இருக்கும் பெட்டியில் எல்லாமே பச்சை" என்று மயில் ஒரு விதி எழுதியிருந்தது. எந்தப் பெட்டி என்று சொல்லவில்லை. அது கீரியின் பெட்டியையும் பிடித்துக்கொண்டது.

கீரிக்குப் பொறுமை கிடையாது. "பக்கத்துக்குள், பெட்டிக்குள், பெட்டியில் எழுத்தெல்லாம் சிவப்பு" என்று தானே ஒரு விதியைச் சேர்த்தது. எந்த விதி கூடுதலாக இடம் சொல்கிறதோ, அதற்குத்தான் கணினி கீழ்ப்படியும். அறிவிப்பு தெரிந்தது. ஆனால் மயிலின் படங்களுக்கு அடியிலும் எழுத்துகள் சிவப்பாய் எழுந்து நின்றன.

மயிலுக்குக் கோபம் வந்தது. அதைவிட நீளமாக ஒன்று எழுதியது. கீரி அதற்கும் மேலே எழுதியது. உச்சிவெயில் வரை இதே கூத்து. ஒவ்வொரு முறையும் உடும்பிடம் வந்துதான் முறையிட்டன. உடும்புக்குக் கண் எரிந்தது, முதுகு கடுத்தது. இவற்றோடு மாரடிப்பதே பிழைப்பாகிவிட்டது என்று நொந்துகொண்டது.

அந்நேரம் மான் ஒன்று தன் இரண்டு குட்டிகளோடு கரைக்கு வந்தது. அறிவிப்பைக் காட்ட அங்கே வைத்திருந்த திரையைப் பார்த்தது. அப்போது மயிலின் விதிதான் மேலே; வெறும் பச்சை. ஆபத்து ஒன்றுமில்லை என்று நினைத்து, குட்டிகளைத் தண்ணீர்ப் பக்கம் நடத்தியது.

"உடும்பண்ணே, என் விதியை இன்னும் நீளமாக்குங்கள்" என்று மானைக் கண்ட கீரி பதறியது.

"ஆக்கினால் நானும் ஆக்குவேன்" என்றது மயில்.

"இனி ஒரு வரிகூடச் சேர்க்கமாட்டேன்" என்றது உடும்பு. இரண்டு பேருடைய விதிகளையும் அடியோடு அழித்தது.

நிறமெல்லாம் போயிற்று. வெள்ளைத் திரையில் சாதாரணக் கறுப்பு எழுத்து: முதலை இருக்கிறது, இறங்காதீர்கள்.

அதைப் படித்த மான் குட்டிகளை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறியது. கீழே தண்ணீரில் ஒரு முதுகு மெல்லத் திரும்பி மூழ்கியது.

பக்கம் அழகாகவே இல்லையே என்று மயில் முணுமுணுத்தது. உடும்பு இருந்த இடத்திலேயே சுருண்டு படுத்துக்கொண்டது.

நீதி: சிக்கலின்மேல் கட்டளை அடுக்கினால் சிக்கல்தான் வளரும், குறுக்கே நிற்பதை எடுத்தால் போதும்.