செண்பகத்தின் காலடியில் சிவந்த மஞ்சள்

ரொம்ப காலத்துக்கு முன்னால், கல்லாற்றுச் சீமையைக் கேசரிவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கோபம் வந்தால் முதலில் தண்டனை, அப்புறம்தான் விசாரணை. அதனால் சபையில் தும்மக்கூடப் பயந்துகொண்டிருந்தார்கள்.

பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த ராணி மறுநாள் குழந்தையோடு திரும்புவதாக இருந்தது. மலைநாட்டுப் பெண் அவள். கல்யாணமாகி வந்தபோது அங்கிருந்து ஒரு செண்பகக் கன்றைக் கொண்டுவந்து நந்தவனத்தில் நட்டிருந்தாள். ஆளுயரம் வளர்ந்திருந்தது. அன்று காலை ராஜா சபையோரோடு போய்ப் பார்த்தால், இலையெல்லாம் மஞ்சள்! நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பட்ட இடமெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

"யார் செய்த வேலை இது?" என்று ராஜா கத்தினான்.

அரண்மனைக் கட்டட வேலைகளைக் கவனித்துவந்த தாண்டவராயர் சட்டென்று முன்னால் வந்தார். மந்திரி பதவிமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

"மகாராஜா, தோட்டக்காரன் வெயிலுகந்தான் வேரில் விஷம் வைத்திருக்கிறான். மண்ணைக் கெடுத்தவன் எவனோ, அவனை இந்த மரத்தடியிலேயே குழிவெட்டிக் கழுத்தளவுக்கு இறக்க வேண்டும்!"

"அப்படியே ஆகட்டும். இது என் ஆணை!" என்றான் ராஜா.

வெயிலுகந்தானை இழுத்து வந்தார்கள். "மகாராசா, நான் இந்த மரத்தைப் புள்ள மாதிரி வளத்தேன்" என்று அழுதான். குழி வெட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அப்போது மந்திரி சிற்றம்பலவர் முன்னே வந்தார். "மகாராஜா, உச்சிப்பொழுது வரை எனக்குத் தவணை கொடுங்கள். மண்ணையே சாட்சி சொல்ல வைக்கிறேன்."

"சொல்லாவிட்டால்?" என்றார் தாண்டவராயர்.

"என் முத்திரை மோதிரம் உங்களுக்கு."

ராஜா தலையசைத்தான். தாண்டவராயரின் கண் மோதிரத்தைவிட்டு நகரவில்லை.

சிற்றம்பலவர் வெள்ளைத் துணி ஒன்றை மஞ்சள் நீரில் நனைத்துக் காயவைத்தார். வெயில் ஏறியது. ராஜாவின் பொறுமை இறங்கியது. சபை முழுவதும் மரத்தைச் சுற்றி நின்றது. மந்திரி வேரடி மண்ணை ஒரு பிடி எடுத்து, தண்ணீரில் குழைத்துத் துணியில் வைத்தார். மஞ்சள் துணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே செக்கச் செவேலென்று சிவந்தது.

"ரத்தம்!" என்று அலறினார் தாண்டவராயர். "பில்லி சூனியம் வைத்திருக்கிறான் மகாராஜா! இன்னும் என்ன தாமதம்?"

காவலர்கள் வெயிலுகந்தானை அதற்குள் வெட்டி முடிந்திருந்த குழிப்பக்கம் தள்ளினார்கள். மந்திரி துணியின் மறுமுனையை ஈரமாக்கி ராஜாவிடம் நீட்டினார்.

"மகாராஜா ஒருமுறை விரலால் தொட வேண்டும்."

ராஜா தொட்டான். தொட்ட இடமும் சிவந்தது.

ராஜாவின் கை உடைவாளுக்குப் போனது. "அப்படியென்றால் நானும் சூனியக்காரனா, சிற்றம்பலவரே?"

மந்திரி ராஜாவின் விரலைச் சுட்டிக் காட்டினார். "இல்லை மகாராஜா. சற்றுமுன் வெற்றிலை போட்டீர்கள். சுண்ணாம்பு தடவிய விரல் அது. நீங்கள் போரில் வென்று திரும்பும்போதெல்லாம் வாசலில் ஆரத்தி சுற்றுகிறார்களே, அது எதனால் சிவக்கிறது?"

ராஜா விரலைப் பார்த்தான். "மஞ்சளில் சுண்ணாம்பு கலப்பதால்."

"இந்த மண்ணிலும் சுண்ணாம்புதான் இருக்கிறது. செண்பகம் லேசாகப் புளிப்பேறிய மலைமண்ணில் பழகிய மரம். மண்ணில் சுண்ணாம்பின் காரம் ஏறிவிட்டால், உள்ளே சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இலை இப்படித்தான் வெளுக்கும்."

ராஜா குழியை எட்டிப் பார்த்தான். மேல்மண்ணுக்குக் கீழே தயிர் உறைந்தாற்போல வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள்.

"இது எப்படி இங்கே வந்தது?"

வெயிலுகந்தான் தாண்டவராயரைப் பார்த்தான், ராஜாவைப் பார்த்தான். "மதிலுக்கு வெள்ளையடிச்சப்போ ஐயாவோட ஆளுங்க இங்கதான் சுண்ணாம்புக் கல்லுல தண்ணி ஊத்தி நீத்தினாங்க, மகாராசா. மிச்சத்தையும் இங்கயே கொட்டி மூடிட்டாங்க. வேணாம்னு கும்பிட்டேன். வெளியே சொன்னா நாக்கை அறுத்துடுவேன்னாரு."

தாண்டவராயர் காலில் விழுந்தார். "சுண்ணாம்பு மரத்தைக் கெடுக்கும் என்று தெரியாது மகாராஜா! வாடினதைப் பார்த்ததும் பயந்து..."

"பயந்து இவனைப் புதைக்கப் பார்த்தீரா? ஆணை ஆணைதான். இறக்குங்கள் குழியில்!"

"இறக்கலாம் மகாராஜா," என்றார் மந்திரி, "கையில் மண்வெட்டியோடு."

"என்ன?"

"கழுத்தளவுக் குழியில் நிற்க வேண்டும் என்பதுதானே ஆணை? நிற்கட்டும். நின்றபடி சுண்ணாம்பு மண் முழுவதையும் வெட்டி எடுக்கட்டும்." பேசிக்கொண்டே குளத்தோரக் கீரைப் பாத்திக்குப் போய், அங்கே ஊறி நின்ற நீரில் சிவந்த துணியை அலசினார். சிவப்பு மங்கி மஞ்சள் திரும்பியது. "பார்த்தீர்களா, புளிப்பு சுண்ணாம்பை முறித்துவிட்டது. இலை தழை மக்கித் தண்ணீர் தேங்கி, இந்த இடம் ஒரேயடியாகப் புளித்துக் கிடக்கிறது. கீரை முளைத்ததும் சுருண்டுவிடுகிறது. அந்தச் சுண்ணாம்பு மண்ணில் கொஞ்சம் அளவாக இங்கே கலந்தால் புளிப்பு தணியும். மிச்சம் மதில் பூச்சுக்கு ஆகும்."

ராஜாவின் கை வாளைவிட்டு இறங்கியது. அடக்க முடியாமல் சிரித்தான். பட்டுச் சால்வையைக் கழற்றி வைத்துவிட்டுத் தாண்டவராயர் குழியில் இறங்கினார். பொழுது சாய்வதற்குள் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். வெயிலுகந்தான் செம்மண்ணும் காட்டு இலைமக்கும் கொண்டுவந்து வேரைச் சுற்றி நிரப்பினான். ராஜா தன் முத்துமாலையை மந்திரிக்குப் போட்டான். தோட்டக்காரனிடம் போய், "அவசரப்பட்டுவிட்டேன்" என்று தணிந்த குரலில் சொன்னான். அதைக் கேட்டுச் சபையே திகைத்தது.

மறுநாள் ராணி வந்தாள். மண் மாறிவிட்டது, ஆனால் இலை ஒரே நாளில் பச்சையாகிவிடுமா? வெளுத்த மரத்தையும் அதன் அடியில் கிளறிய புதுமண்ணையும் பார்த்தாள். குழந்தையை மார்போடு அணைத்தபடி புருஷன் பக்கம் திரும்பினாள். அவன் குணம் அவளுக்குத் தெரியாதா?

"யாரை வெட்டினீர்கள்?" என்று கேட்டாள்.

"மண்ணை மட்டும்தான்" என்றான் ராஜா.