பூங்காவனம் ராணிக்கு வந்த மறதி

இந்தக் கதையில வயிறு வலிக்கச் சிரிக்கலாம், ஆனா இப்ப இல்ல, பல்லை மூடிட்டுக் கேளுங்க. ஏழு மலைக்கு அந்தாண்ட ஒரு நாட்டுல பூங்காவனம்னு வயசான ராணி ஒருத்தி இருந்தாளாம், அவகிட்ட அடைக்கலம்னு ஒரு மந்திரி இருந்தானாம். அந்த நாட்டு வழக்கம் என்னன்னா, தை மாசச் சபையில ராணி ஊர்த் தலைவருங்க அத்தனை பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடணும். ஒரு பேரு தவறினாலும் கிரீடம் மந்திரிக்குப் போயிடும்.

ஒருநாள் வைத்தியர் வந்து, "தாயே, வயசாச்சு. கீரை, பயறு, நெல்லிக்காய்னு சாப்பிட்டு நல்லா நடங்க, புத்தி தெளிவா இருக்கும். எந்நேரமும் நெய்யும் வெல்லமுமா உள்ள போனா மந்தமாயிடும்"னாரு. கதவுக்குப் பின்னால நின்ன மந்திரிக்கு அது போதாதா? மறுநாளே ஒரு தட்டு அதிரசத்தோட வந்துட்டான்.

"மகாராணீ... உங்களுக்குன்னே பண்ணச் சொன்னேன்"னு குழைஞ்சான்.

அரண்மனையில கொண்டு வந்தவன்தான் முதல்ல ருசி பாக்கணும், விஷம் கிஷம் இருந்தா? ஒண்ணு தின்னான். ராணி அவனையே பாத்து, "தின்னியாப்பா?"ன்னா.

"தின்னேன் மகாராணி."

"எப்போ? ஞாபகமே இல்லையே. இன்னொண்ணு தின்னு."

ஆகா, மறதி வந்துடுச்சுடான்னு மந்திரிக்கு ஒரே குஷி. தின்னான். மறுபடி "தின்னியாப்பா?" மறுபடி தின்னான். தட்டு காலி! சிரிப்பு வருதா? அடக்குங்க, இன்னும் இருக்கு.

ஆடியில அதிரசம் வந்துச்சு, ஐப்பசியில லட்டு வந்துச்சு, மார்கழியில நெய் ஒழுக அல்வா வந்துச்சு, வந்ததெல்லாம் மந்திரி வயித்துக்கே போச்சு. ராணியோ முருங்கைக்கீரையும் தட்டப்பயறும் சாப்பிட்டு, கோட்டையைச் சுத்திச் சுத்தி நடந்து, எதிர்ல வர்றவங்களை நிறுத்தி வச்சு ஊர்க்கதை பேசினா. என்னா மனுஷி!

தையும் வந்துச்சு. மந்திரி மூச்சு வாங்க எழுந்து, "பாவம், மகாராணிக்கு எல்லாமே மறந்துபோச்சு, கிரீடத்தை இப்படிக் குடுங்க"ன்னு கையை நீட்டினான்.

ராணி எழுந்தா. ஒருத்தர் விடாம கூப்பிட்டா, வெறும் பேரா? "வேம்பையா, உன் பசு கன்னு போட்டுச்சா?"ன்னு வீட்டு விசாரிப்போட கூப்பிட்டா. அப்புறம் முன்வரிசையில ஒருத்தரைக் காட்டி, "ஆளப்போறவன் நீ, இவரைக் கூப்பிடு பாப்போம்"னா.

மந்திரி பாத்தான், தலையைச் சொறிஞ்சான், இன்னொரு தரம் பாத்தான். "இவரு... வந்து... நம்ம..."

"மாப்ளே, நான் உங்க மாமனாருய்யா!"

இப்ப சிரிங்க! சபையே உருண்டுச்சு. ராணி மட்டும் சிரிக்காம, "உனக்கு மந்திரி வேலை போதும்ப்பா, வீட்டுக்குப் போயி நாலு எட்டு நட"ன்னா.

அவன் போகலாம்னு குனிஞ்சு செருப்பைத் தேடினான். காலே தெரியல, வயிறுதான் தெரிஞ்சுது. மெதுவா நிமிந்தான்.

"அப்போ... இத்தனை நாளும் மறந்தது நீங்க இல்லையா மகாராணி?"

அவனுக்கு விளங்கிடுச்சு, கதையும் முடிஞ்சுடுச்சு.